அபராதமும் ஆராய்ச்சி மணியும்

எங்கள் தெரு பிரதான சாலையோடு வந்து கூடும் நாற்சந்தியில், காலை எட்டரை மணிக்கு, வெள்ளைச் சட்டையும் காக்கிக் கால்சட்டையுமாகப் போக்குவரத்துக் காவலர் ஒருவர் வந்து நிற்பார். பத்தரை மணிக்கு வேறிடம் போய்விடுவார். அந்த இரண்டு மணி நேரமும் அங்கே நடப்பதை எதிர்ப்புறத்துத் தேநீர்க் கடை பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பது சில ஆண்டுகளாக எனக்கு வழக்கமாகிவிட்டது. மோட்டார் சைக்கிளில் வருகிற இளைஞர்களில் பலர் ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டோ, பெட்ரோல் டாங்கின்மேல் கைக்குழந்தையை உட்கார வைப்பதுபோல் வைத்துக்கொண்டோ வருகிறார்கள். சந்திக்குச் சற்று முன்பாக, எதிரே வருகிற முன்பின் அறியாத ஒருவர், முகவிளக்கை இருமுறை மின்னவிட்டு, உள்ளங்கையால் தம் உச்சந்தலையைத் தட்டிக் காட்டுகிறார். அந்தச் சமிக்ஞைக்குப் பொருள் கேட்பார் யாரும் இல்லை. முழங்கையில் இருந்தது தலைக்கு ஏறுகிறது. காவலரைக் கடந்து நூறடி போனதும் தலையில் இருந்தது மறுபடியும் முழங்கைக்கு இறங்குகிறது. பத்தரை மணிக்குப் பிறகோ, சிவப்பு விளக்கு எரிகிறதா, பச்சை விளக்கு எரிகிறதா என்று நிமிர்ந்து பார்ப்பதே அநாவசியம் என்று கருதுகிறவர்களின் ராஜ்யமாகிவிடுகிறது அந்தச் சந்தி.

நம் ஜனங்களுக்குப் போக்குவரத்து விதிகள் தெரியவில்லை, அதனால்தான் விபத்துக்கள் நேர்கின்றன என்று மேடைதோறும் சொல்லப்படுகிற அபிப்பிராயத்தை அந்த பெஞ்சில் உட்கார்ந்த பிறகு நான் கைவிட்டுவிட்டேன். விதி தெரியாதவனுக்கு உச்சந்தலையைத் தட்டிக் காட்டத் தெரியாது. சட்டம் என்ன சொல்கிறது என்பதும், அது எத்தனை மணிக்கு வரும், எத்தனை மணிக்குப் போகும், எந்த மூலையில் நிற்கும் என்பதும் அவர்களுக்குத் துல்லியமாகத் தெரியும். ஜனவரி பிறந்தால் சாலைப் பாதுகாப்பு மாதம் என்று பெயரிட்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வெயிலில் பதாகை ஏந்தி நடக்கவிட்டு, எமதர்மன் வேஷமிட்ட ஒருவரை நடுச்சாலையில் நிறுத்திப் பாசக்கயிறு வீசச் சொல்கிறோம். புகைப்படம் எடுத்து முடிந்ததும் எமன் கிரீடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, தலையில் ஒன்றுமில்லாமல், ஸ்கூட்டரின் பின்னால் ஏறிப் போய்விடுகிறான். அறிவு இருக்கிற இடத்தில் இன்னும் கொஞ்சம் அறிவைக் கொட்டுவதனால் பெரிய பிரயோஜனம் இல்லை.

நிலைமையின் விபரீதத்தை அறியக் கணக்கைச் சற்றுப் பார்க்கத்தான் வேண்டும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட தொகுப்பின்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியா முழுவதும் 4,61,312 விபத்துக்கள் நிகழ்ந்தன. அவற்றில் 1,68,491 பேர் மாண்டார்கள். விபத்துக்களின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. உயிரிழந்தோர் எண்ணிக்கையில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம்: 17,884. நாளொன்றுக்கு நாற்பத்தொன்பது பேர், அதாவது தினந்தோறும் ஒரு நகரப் பேருந்து நிறைய மனிதர்கள். ஒரே பேருந்தில் நாற்பத்தொன்பது பேர் ஒரே நாளில் மாண்டிருந்தால் நாடே துக்கம் காத்திருக்கும், விசாரணைக் கமிஷன் அமைந்திருக்கும், அமைச்சர் விரைந்திருப்பார். அவர்கள் ஒருவர் பண்ருட்டியிலும், ஒருவர் பல்லடத்திலும், ஒருவர் பரமக்குடிப் புறவழிச் சாலையிலுமாகச் சிதறி இறக்கிற காரணத்தால், செய்தித்தாளின் மாவட்டப் பக்கத்தில் நான்கு வரியோடு காரியம் முடிந்துவிடுகிறது. அதே ஆண்டில் ஹெல்மெட் அணியாமல் சென்று இறந்தவர்கள் நாடு முழுவதும் 50,029 பேர். ஹெல்மெட்டை ஒழுங்காக அணிந்தால் மரண அபாயம் ஏறத்தாழ நாற்பது சதவிகிதமும், தலைக்காயத்தின் அபாயம் எழுபது சதவிகிதத்தை ஒட்டியும் குறையும் என்பது பல நாட்டு ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்து வைத்தியர்கள் கண்ட முடிவு. இதைத் தெரிந்துகொண்டேதான் நாம் அந்தக் கவசத்தை முழங்கைக்கு அணிவிக்கிறோம்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1914-இல் ஒரு மோட்டார் வாகனச் சட்டம் வந்தது; 1939-இல் அதைவிட விரிவாக ஒன்று; 1988-இல் இப்போதுள்ளது. அதையும் போதாதென்று கருதி 2019-இல் திருத்தி, அபராதங்களைப் பன்மடங்காக உயர்த்தினார்கள். தமிழ்நாட்டில் அந்த உயர்வு 2022 அக்டோபரில் அமலுக்கு வந்தது. ஹெல்மெட் இல்லாவிட்டால் நூறு ரூபாய் என்றிருந்தது ஆயிரம் ரூபாய் ஆயிற்று. குடித்துவிட்டு வண்டி ஓட்டினாலும், ஆம்புலன்சுக்கு வழிவிடாவிட்டாலும் பத்தாயிரம். கடுமையில் குறை சொல்ல இடமே இல்லை. ஆனால் ஆயிரம் ரூபாய் என்பது கட்டட வேலைக்குப் போகும் ஒரு சித்தாளின் ஒரு நாள் கூலியை விஞ்சிய தொகை. அகப்படுவது மாதத்தில் ஒரு நாள், அகப்பட்டால் கூலி முழுவதும் போய்விடும் என்கிற நிலையில், மனித சுபாவம் என்ன செய்யும்? அகப்படாமலிருக்கும் உபாயங்களைத் தேடும். அகப்பட்டாலோ, ரசீது இல்லாமல் பாதியில் முடித்துக்கொள்ளலாமா என்று குரலைத் தாழ்த்திக் கேட்கும். நூறு ரூபாய் அபராதத்தில் பேரம் பேச என்ன இருக்கிறது? ஆயிரமாகிவிட்டால் அங்கே ஒரு சந்தையே கூடிவிடுகிறது. தண்டனை எவ்வளவு பெரியது என்பதைவிட, அது எவ்வளவு நிச்சயமானது என்பதே மனிதனைத் தவறு செய்யவிடாமல் தடுக்கிறது என்று 1764-இல் மிலான் நகரத்துப் பெக்காரியா எழுதினார். இரண்டரை நூற்றாண்டுகளாக உலகத்துச் சட்டக் கல்லூரிகளில் படிக்கப்படும் அந்த விஷயம் நம் நிர்வாகத்தின் காதில் இன்னும் விழவில்லையோ என்று தோன்றுகிறது.

பெக்காரியா வரைக்கும் போவானேன்? நம் ஊர்க் கதையே இருக்கிறது. திருவாரூர் வீதியில் தேரூர்ந்து சென்ற இளவரசனின் சக்கரத்தில் துள்ளி வந்த கன்று ஒன்று சிக்கி மாண்டதும், தாய்ப்பசு அரண்மனை வாயிலுக்குப் போய் ஆராய்ச்சி மணியை அசைத்ததும், மனுநீதிச் சோழன் தன் ஒரே மகனைத் தேர்க்காலில் இட்டதும் தமிழ்ப் பிள்ளைகள் யாவரும் அறிந்த கதை. சோழனின் சிலை சென்னை உயர் நீதிமன்ற வளாகத்திலேயே நிற்கிறது. தமிழர் நினைவில் பதிந்த சாலை விபத்துக்களில் இதைவிடப் பழையது வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அந்தக் கதையை எடுத்துச் சொல்கிறவர்கள் அனைவரும் அரசன் விதித்த தண்டனையின் பயங்கரத்தில் மெய்ம்மறந்து போகிறார்கள். எனக்கோ இப்போது அதில் வேறு இரண்டு சங்கதிகள் தெரிகின்றன. ஒன்று, மந்திரிமார் சொன்ன யோசனை: பசுவதைக்கு நூல்கள் விதித்த பிராயச்சித்தத்தைச் செய்துவிட்டால் போதும் என்றார்கள். இன்றைய ஸ்பாட் ஃபைனுக்கு அவர்களே மூலபுருஷர்கள் போலும். மற்றொன்று, அந்த மணியின் கயிறு. ஒரு பசுவின் கொம்புக்கு எட்டுகிற உயரத்தில் அதைத் தொங்கவிட்டிருந்தார்கள். பகலானாலும் இரவானாலும் அது அங்கேயே தொங்கியது. அசைத்தால் அரசன் காதில் விழுந்தது. மகனைக் கொன்ற நீதியை நாம் இன்று கையாள முடியாது, கையாளவும் கூடாது. ஆனால் கயிற்றைத் தாழ்வாகத் தொங்கவிட்ட நிர்வாகம் நமக்கு வேண்டும்.

நம் மணி எப்படித் தொங்குகிறது என்பதற்கு ஹெல்மெட் வந்த வரலாறே சாட்சி. 2007-இல் தமிழ்நாட்டில் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கி உத்தரவு பிறந்தது. சில வாரங்கள் கெடுபிடி, பிறகு தளர்வு. 2015-இல் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட, ஜூலை முதல் தேதியிலிருந்து மறுபடியும் கட்டாயமாயிற்று. அந்த ஜூன் மாதக் கடைசியில் ஹெல்மெட் கடைகளின் முன் நின்ற கூட்டத்தையும், கிடைத்தது போதும் என்று ஜனங்கள் வாங்கிப் போனதையும், விலை ஏறியதையும் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நடைபாதையில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத பிளாஸ்டிக் சட்டிகள் குவிந்தன. விழுந்தால் தலைக்கு முன்னால் அது உடையும். அப்புறம் மறுபடியும் தளர்வு. 2022-இல் அபராத உயர்வோடு மூன்றாம் முறை. ஒரே சட்டம் பதினைந்து ஆண்டுகளில் மும்முறை பிறந்தது என்றால், நடுவில் இருமுறை அது இறந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? இவ்விதம் செத்துச் செத்துப் பிழைக்கும் சட்டத்தை ஜனங்கள் மழையைப்போல் பாவிக்கிறார்கள். பெய்யும்போது ஒதுங்கி நிற்பார்கள். ஓய்ந்ததும் கிளம்பிப் போவார்கள்.

வேறு மாநிலங்களில் நடந்ததைக் கேட்டால் சிரிப்பதா, வருந்துவதா என்று தெரியாது. கட்டப்படாத அபராதங்கள் மலைபோல் குவிந்துவிட்டபடியால், 2022-இல் தெலங்கானாவில் இருசக்கர வாகனக்காரர்கள் பாக்கியில் கால்பங்கு கட்டினால் போதும் என்று அறிவித்தார்கள்; 2023-இல் கர்நாடகத்தில் பாதி கட்டினால் போதும் என்றார்கள். வரிசையில் நின்று கட்டினார்கள், கோடிக்கணக்கில் வசூலாயிற்று, அதிகாரிகள் பெருமைப்பட்டுக் கொண்டார்கள். ஆனால் உடனுக்குடன் முழுத் தொகையைக் கட்டிய யோக்கியன் அன்று என்ன நினைத்திருப்பான்? ஆடித் தள்ளுபடிக்குக் காத்திருந்து புடவை எடுக்கிற சாமர்த்தியத்தைச் சட்ட விஷயத்திலும் கற்றுக்கொள்ளும்படி சர்க்காரே சொல்லிக் கொடுத்தால், அடுத்த தள்ளுபடி வரைக்கும் எவன் கட்டுவான்?

இனி விபத்துக்குச் சொல்லப்படும் காரணத்தைப் பற்றி. எந்தக் காவல் நிலையத்திலும் சாலை விபத்தின் முதல் தகவல் அறிக்கையை எடுத்துப் படியுங்கள். "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து" என்கிற தொடர் தவறாமல் இருக்கும். கட்டபொம்மன் கூத்தில் கட்டியங்காரன் வருவதுபோல அது வந்தே தீரும். மேலே சொன்ன 2022-ஆம் ஆண்டுத் தொகுப்பிலும் மரணங்களில் நூற்றுக்கு எழுபதுக்கும் அதிகமானவை அதிவேகத்தின் கணக்கில் எழுதப்பட்டிருக்கின்றன. வேகம் கொல்லும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகிறவன், எதிரே ஒரு குழந்தை ஓடி வருவதைக் கண்டு, மூளைக்கு எட்டி, கால் பிரேக்கைத் தொடுவதற்கு ஒரு விநாடி ஆகுமானால், அந்த ஒரு விநாடிக்குள் வண்டி ஏறத்தாழ பதினேழு மீட்டர் ஓடிவிட்டிருக்கும். முப்பது கிலோமீட்டரில் போயிருந்தால் அதில் பாதி. வேகம் இரட்டித்தால் மோதலின் சக்தி நான்கு மடங்காகும் என்பது பள்ளிக்கூடத்துப் பௌதிகம். ஆனாலும் அந்த ஒரு தொடர் ஓட்டுநரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு, சாலையை, விளக்கை, வளைவை, வண்டியின் முதலாளியை, மதுக்கடையை, எல்லோரையும் சாட்சிக்குக்கூட அழைக்காமல் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறதே என்பதுதான் என் மனக்குறை.

தருமபுரியிலிருந்து சேலத்துக்கு வரும் வழியில் உள்ள தொப்பூர் கணவாயை எடுத்துக்கொள்ளுங்கள். காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் ஓடும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை அங்கே மலைகளுக்கு நடுவே சரிந்து வளைந்து இறங்குகிறது. இரட்டைப் பாலம் என்று லாரிக்காரர்கள் சொல்லும் இடம் வரும்போது சரக்கு லாரியின் ஓட்டுநருக்கு உள்ளங்கை வியர்க்கும். வடக்கேயிருந்து பல டன் பாரத்தோடு வருகிற லாரி இறக்கத்தில் கியரில் இறங்கினால் என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்; ஆனால் டீசல் செலவாகும் என்று ஒரு நினைப்பு. மைலேஜ் குறைந்தால் முதலாளிக்குப் பதில் சொல்ல வேண்டும். சில இடங்களில் பேட்டாவிலும் கை வைப்பார்கள். ஆகவே நியூட்ரலில் தள்ளிவிட்டு, பிரேக்கை மட்டும் நம்பி இறங்குகிறார்கள். மிதித்துக்கொண்டே இருந்தால் பிரேக் டிரம் காய்ந்து, லைனிங் புகைந்து, கடைசி வளைவில் மிதி வெறுமனே உள்ளே போகும். அப்புறம் எதிரில் என்ன இருக்கிறதோ அதுதான் பிரேக். பெரும்பாலும் அது முன்னால் வரிசையில் நிற்கும் கார்கள். அறிக்கையில் இதுவும் "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்" என்றுதான் எழுதப்படும். ஓட்டுநர் குற்றவாளிதான், மறுக்கவில்லை. ஆனால் டீசல் கணக்கில் அவன் கழுத்தைப் பிடித்த முதலாளி எங்கே? அப்படியொரு சரிவில் நெடுஞ்சாலையை அமைத்து, ஆண்டுக்கணக்கில் பிணம் விழுந்த பிறகு உயர்மட்டச் சாலைக்குத் திட்டம் போடுகிறவர்கள் எங்கே?

2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 198-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. சாலையை வடிவமைத்தவரோ, ஒப்பந்தக்காரரோ, பராமரிக்கும் பொறுப்புள்ள அதிகாரியோ விதித்த தரத்தைப் பின்பற்றாததால் ஒருவர் இறந்தாலோ ஊனமுற்றாலோ ஒரு லட்சம் ரூபாய் வரைக்கும் அபராதம் விதிக்கலாம் என்பது அதன் சாரம். ஹெல்மெட் பிரிவைப் பற்றித் தேநீர்க் கடையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இந்தப் பிரிவைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், யாருக்கும் தெரியாது. நான்கு வழிச் சாலை போட்டு ஊரை இரண்டாகப் பிளந்துவிட்டு, இந்தப் பக்கத்து ஆசாமி அந்தப் பக்கத்து வயலுக்குப் போக இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஓர் இடைவெளி விட்டால், அவர் பம்பு செட்டுக்குப் போகத் தினமும் நான்கு கிலோமீட்டர் சுற்றுவாரா, ஐம்பதடி ராங் சைடில் வந்து திரும்புவாரா? ராங் சைடில் வந்தவர் மேல் கேஸ் போடுவது சுலபம். இடைவெளியை எங்கே விடுவது என்று ஊராரைக் கேட்பது அதைவிடச் சுலபம், ஆனால் யாரும் செய்வதில்லை. இரவில் நெடுஞ்சாலை ஓரத்தில் பின்விளக்கில்லாமல் நிறுத்திய லாரிகள், வேகத்தடைக்கு வெள்ளைக் கோடு போடாத பஞ்சாயத்துச் சாலைகள், பாதசாரி நடக்க வேண்டிய இடத்தில் பரவிக் கிடக்கும் மணல் மேடு, இவற்றைப் பற்றியெல்லாம் தனித்தனியே எழுதலாம், இடம் போதாது.

குடியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. நூறு மில்லி லிட்டர் ரத்தத்தில் முப்பது மில்லிகிராம் ஆல்கஹாலுக்கு மேல் இருந்தால் வண்டி ஓட்டுவது குற்றம் என்பது சட்டம். அந்த ஆல்கஹாலைச் சில்லறையில் விற்கும் ஏகபோக உரிமை 2003 முதல் தமிழ்நாட்டில் சர்க்காரின் டாஸ்மாக் நிறுவனத்துக்கே உரியது. மாலையில் ஒரு கையால் பாட்டிலை நீட்டி, இரவில் மறு கையால் ஊதும் கருவியை நீட்டுகிற விநோதம் இது. கடை வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிள்கள் எப்படி வீடு போய்ச் சேரும் என்று நினைத்துக்கொண்டு கடை திறக்கிறார்களோ, அறியேன். தமிழ்நாட்டு வழக்கறிஞர் கே. பாலு தொடுத்த வழக்கில், 2016 டிசம்பர் 15-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று தீர்ப்பளித்தது. பின்னர் சிற்றூர்களுக்கு அது 220 மீட்டர் ஆயிற்று. அப்புறம் நகராட்சி எல்லைக்குள் தடை பொருந்தாது என்று விளக்கம் வந்தது. இதற்கிடையில் சில மாநிலங்கள் நெடுஞ்சாலையின் வகையையே மாற்றி, மாவட்டச் சாலை என்று பெயர் சூட்டிக் கடையைக் காப்பாற்றிக்கொண்டன. சாலை அதே சாலை, லாரி அதே லாரி, பெயர்ப்பலகை மட்டும் வேறு. நீதிமன்றம் மணி அடித்தது உண்மை. கேட்டவர்கள் கயிற்றை உயரத் தூக்கிக் கட்டினார்கள் என்பதும் உண்மை.

ஓட்டுநர் உரிமம் கொடுக்கும் விஷயத்தில் நான் அதிகம் சொல்லப் போவதில்லை. ஆர்.டி.ஓ. அலுவலக மைதானத்தில் கால் ஊன்றாமல் ஓர் எட்டுப் போட்டுவிட்டால் உரிமம் கைக்கு வருகிறது. மழையில், இரவில், பேருந்துக்கும் மண்லாரிக்கும் நடுவில் என்ன செய்ய வேண்டும் என்று அந்த எட்டு எதையும் சொல்லித் தருவதில்லை. வாழ்நாளில் அந்த எட்டை மறுபடி போடும் சந்தர்ப்பமும் யாருக்கும் வருவதில்லை. அதையும் போடாத வயதில், பத்தாம் வகுப்புப் பையனிடம் வண்டிச் சாவியைக் கொடுக்கிற தகப்பனார்களுக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரைச் சிறையும் உண்டு என்று சட்டத்தில் இருக்கிறது. பையனின் சாமர்த்தியத்தைப் பக்கத்து வீட்டில் சொல்லிப் பெருமைப்படும் தகப்பனார்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்; சிறைக்குப் போனவர் ஒருவரையும் பார்த்ததில்லை.

காமிராக்கள் வந்திருக்கின்றன. நான் அவற்றை வரவேற்கிறேன். காமிராவுக்குப் பசியில்லை, மாமன் மச்சான் இல்லை, கட்சிக் கொடி கட்டிய காரைக் கண்டால் கை தானாகச் சலாம் போடுவதில்லை. இரவு இரண்டு மணிக்கும் அது விழித்திருக்கும். நிச்சயத்தன்மை என்று நான் சொல்வதற்கு அது நல்ல கருவி. ஆனால் நம்பர் பிளேட்டை மடக்கி வைத்திருப்பவனையும், எண்ணுக்குப் பதில் தலைவர் படம் ஒட்டியவனையும் அது என்ன செய்யும்? வண்டியை விற்று மூன்று வருஷமான பிறகும் பழைய சொந்தக்காரரின் கைபேசிக்குச் சலான் போய்க்கொண்டிருந்தால் யாருக்குப் பயம் வரும்? காமிரா எடுத்த படம் ஒவ்வொன்றும் சரியான ஆளிடம் சில நாட்களுக்குள் போய்ச் சேர்ந்து, வசூலாகி, தவறாகப் போனதைத் திருத்திக்கொள்ள எளிய வழியும் இருந்தால் மட்டுமே அது ஆராய்ச்சி மணி. இல்லாவிட்டால் கம்பத்தில் மாட்டிய திருஷ்டிப் பொம்மை. காவல்துறை ஜீப்பிலும், அரசு வாகனத்திலும் போகிறவர்கள் சீட் பெல்ட் போடாமல் அந்தக் காமிராவைக் கடக்கும்போது அவர்கள் வீட்டுக்கும் சலான் போக வேண்டும். அது ஒரு முறை போய், அந்தச் செய்தி பத்திரிகையில் வந்தால், ஆயிரம் பதாகைகளால் ஆகாத காரியம் ஆகும்.

ஒரு நல்ல காரியத்தையும் சொல்லிவிட வேண்டும். 2021 டிசம்பர் 18-ஆம் தேதி மேல்மருவத்தூரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் அடிபட்டவர் எந்த ஊர்க்காரர், எந்த மாநிலத்துக்காரர் என்று பாராமல், முதல் நாற்பத்தெட்டு மணி நேர சிகிச்சைச் செலவை அரசே ஏற்கிறது. அடிபட்டவரைத் தூக்கிச் சென்று சேர்ப்பவரைப் போலீஸ், கோர்ட்டு என்று அலைக்கழிக்கக்கூடாது என்பதை 2016-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது; பிறகு அது சட்டத்திலும் ஏறிவிட்டது. தயங்காமல் தூக்குங்கள், உங்கள் பெயரைக்கூடச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. எலும்பு முறிந்த பிறகு காட்டுகிற இந்தச் சிரத்தையில் பாதியை முறிவதற்கு முன்னால் காட்டக்கூடாதா என்பதுதான் கேள்வி.

அரசிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. புதிய சட்டமோ, புதிய அபராதமோ வேண்டாம். ஹெல்மெட்டுக்கு ஆயிரம் ரூபாய் என்பதை இருநூறாகக் குறைத்தால்கூட எனக்குச் சம்மதம், அது இருநூறு தடவை தவறாமல் விழுமானால். ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில், காவல் நிலையவாரியாக, எத்தனை விபத்து, எந்த இடத்தில், எத்தனை சலான் போட்டார்கள், எத்தனை வசூலாயிற்று, அடிக்கடி விபத்து நேரும் இடங்களில் சாலையில் என்ன திருத்தம் செய்தார்கள், செய்யாவிட்டால் பொறுப்பான அதிகாரி யார் என்று ஒரே தாளில் அச்சிட்டு, நிலையத்தின் வாசலிலும் தாலுகா அலுவலகத்திலும் ஒட்ட வேண்டும். அதிவேகம், அஜாக்கிரதை என்று எழுதும் இடத்துக்குப் பக்கத்தில் சாலையின் நிலை, விளக்கு, ஓட்டுநர் எத்தனை மணி நேரமாக வண்டியில் உட்கார்ந்திருந்தார் என்று மூன்று கட்டங்கள் கூடுதலாகப் போட்டு நிரப்பச் சொல்ல வேண்டும். இதற்குக் கோடி கோடியாய்ச் செலவில்லை. ஒரு சுற்றறிக்கை போதும்.

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. நாளைக் காலை கிளம்பும்போது ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, கிளிப் மாட்டிக்கொள்ளும் சத்தம் கேட்கும்படி தாடை நாடாவை இறுக்குங்கள். நாடா மாட்டாத ஹெல்மெட், விழுகிறபோது உங்களுக்கு முன்னாலேயே கழன்று ஓடிவிடும். எதிரே யாராவது உச்சந்தலையைத் தட்டிக் காட்டினால் பதிலுக்குத் தலையசைத்துவிட்டுப் போங்கள்; நீங்கள் யாருக்கும் தட்டிக் காட்டாதீர்கள்.